குடியுரிமை: பண்டைக் கிரேக்கத்திலும் ரோமிலும்

பண்டைக் கிரேக்க, ரோமானிய நாகரிகங்களை வேறுபடுத்தும் கூறுகளில் தலையாயது, யாரைக் குடிமகனாக ஏற்பது என்பதில் அவை கொண்டிருந்த கொள்கை. கிரேக்கர் நூற்றுக்கணக்கான தனித்தனி நகர அரசுகளாக வாழ்ந்தனர். குடியுரிமை அங்கே பெரும்பாலும் பிறப்பால் வந்தது. ஒற்றை நகரமாகத் தொடங்கிய ரோம், தன் குடியுரிமையை அயலாருக்கும் வழங்கிப் பேரரசாக வளர்ந்தது.

ஏதென்ஸ்

கி.மு. 508-507இல் கிளீஸ்தனீஸ் செய்த சீர்திருத்தங்களால் ஏதென்ஸில் மக்களாட்சி வேரூன்றியது. பினிக்ஸ் குன்றில் கூடிய மக்கள் மன்றத்தில் குடிமகன் எவரும் எழுந்து பேசலாம். கை உயர்த்தி வாக்களிக்கலாம். 500 பேர் கொண்ட ஆட்சிக்குழுவும், நீதிமன்றங்களுக்கான 6,000 நடுவர்களும் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் தெரிவாயினர்.

இவ்வுரிமை சிலருக்கே உரியதாயிருந்தது. தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடியினராக இருந்தால் மட்டுமே ஒருவர் குடிமகனாகலாம் எனக் கி.மு. 451இல் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் சட்டம் கொண்டுவந்தார். மிலேட்டஸ் நகரத்து அஸ்பேசியாவிடம் அவருக்குப் பிறந்த மகனே இச்சட்டத்தால் விலக்கப்பட்டான். மற்ற இரு மகன்களும் கொள்ளைநோயில் இறந்தபின், ஏதென்ஸ் இரங்கி அவனுக்கு விதிவிலக்கு அளித்தது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அரசியல் உரிமை இல்லை. குடியேறியோர் 'மெட்டிக்' எனப்பட்டனர். வரி செலுத்தினர், போருக்கும் சென்றனர், ஆனால் வாக்களிக்க இயலாது. ஸ்டாகிராவில் பிறந்த அரிஸ்டாட்டில், ஏதென்ஸில் வாழ்ந்த காலம் முழுதும் மெட்டிக்காகவே இருந்தார்.

ரோம்

ரோமானியக் குடியரசில் வாக்குகள் தலைக்கு ஒன்றாக எண்ணப்படவில்லை. குழுவாரியாகக் கணக்கிடப்பட்டதால் செல்வர் கை ஓங்கியது. ஆட்சியின் கடிவாளம் செனட்டிடமும் இரு கான்சல்களிடமும் இருந்தது. ஆயினும் குடியுரிமையின் வாயில் அகலமாகத் திறந்திருந்தது.

கி.மு. 338 இவ்வேறுபாட்டைக் காட்டும் ஆண்டு: கிரேக்க நகர அரசுகள் தோற்றன, ரோமோ தோற்றவர்களைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. மக்கெடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் கைரோனியாப் போரில் ஏதென்ஸையும் தீப்ஸையும் வீழ்த்தினார். அதே ஆண்டில் இலத்தீன் நகரங்களை அடக்கிய ரோம், அவற்றுட் சிலவற்றுக்கு முழுக் குடியுரிமை வழங்கியது. ரோமில் முறைப்படி விடுவிக்கப்பட்ட அடிமையும் குடிமகனானான். இவ்வழக்கத்தைச் சுட்டிக்காட்டி, புதியோரைக் குடிகளாகச் சேர்க்குமாறு கிரேக்க நகரமான லாரிசாவின் மக்களுக்கு மக்கெடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப் எழுதிய மடல் கல்வெட்டாகக் கிடைத்துள்ளது.

ரோம் எப்போதும் மனமுவந்து கொடுத்துவிடவில்லை. கி.மு. 91இல் இத்தாலிய நேச நகரங்கள் போர் தொடுத்த பின்னரே அவற்றுக்குக் குடியுரிமை கிடைத்தது. கி.பி. 48இல் பேரரசர் கிளாடியஸ், கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுத் தலைவர்களைச் செனட்டில் சேர்க்க வாதாடினார். தோற்றவர்களை அயலாராகவே ஒதுக்கியதுதான் ஏதென்ஸையும் ஸ்பார்ட்டாவையும் அழித்தது என்று அவர் வாதிட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா, பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறத்தாழ அனைவரையும் ரோமானியக் குடிமக்களாக அறிவித்தார். அதற்குள் அதிகாரம் முழுதும் பேரரசர் கையில் சேர்ந்திருந்தது; குடிமகனின் வாக்குக்குப் பயனில்லை.

தொடர்ச்சி

ரோமின் ஆட்சியில் கிரேக்க மொழி கிழக்கில் தொடர்ந்து செழித்தது. சேரநாட்டுத் துறைமுகமான முசிறியுடனான வணிகம் குறித்த கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தம், ரோமானிய ஆட்சிக்குட்பட்ட எகிப்தில் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அயோனியக் கிரேக்கரின் பெயரிலிருந்து வந்த 'யவனர்' என்னும் சொல்லாலேயே சங்கத் தமிழர் மேற்கிலிருந்து வந்த வணிகரை அழைத்தனர். கிழக்கு ரோமானியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டினோப்பிள் 1453இல் வீழும்வரை, அங்கே கிரேக்கம் பேசிய மக்கள் தங்களை 'ரோமானியர்' என்றே சொல்லிக்கொண்டனர்.