பக்கவாதத்துக்குப் பின்: வீட்டுப் பராமரிப்பும் கணக்கில் வராத உழைப்பும்

2014 தொடக்கத்தில் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் ‘அட்டெண்ட்’ என்ற ஆய்வு தொடங்கியது. பக்கவாதத்தால் சேர்க்கப்பட்டவரின் குடும்பத்தில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சிகளை மருத்துவமனையிலேயே கற்றுக்கொடுத்து, வீட்டிலும் 2 மாதம்வரை தொடரச் செய்தால் நோயாளி கூடுதலாகத் தேறுவாரா என்பதே அதன் கேள்வி. 1250 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். முடிவுகள் 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் அன்றாட வேலைகளுக்குப் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து, பயிற்சி பெற்ற தரப்பில் 47 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற தரப்பிலும் அதே 47 விழுக்காடு.

குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்று இதைப் படிப்பது எளிது. அந்த வாசிப்பு தவறு என்று நினைக்கிறேன். நம் நாட்டில் வழக்கமான சிகிச்சை என்பதில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு நடப்பவை பெரும்பாலும் குடும்பத்தார் செய்பவையே. ஆகவே அந்த ஆய்வில் உண்மையில் ஒப்பிடப்பட்டவை இரண்டு வகைக் குடும்பங்கள்: தாமாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட குடும்பமும், அதே வேலைகளோடு கூடுதலாகப் பயிற்சிகளையும் ஏற்ற குடும்பமும். ஏற்கெனவே முழுச் சுமையில் இருப்பவரிடம் இன்னொரு பொறுப்பைக் கொடுத்தால் பலன் கூடாது என்பதே இதிலிருந்து நான் பெறும் பாடம். பக்கவாத மறுவாழ்வுக் கொள்கை இனி குடும்பத்துக்கு என்ன கற்பிப்பது என்பதோடு நிற்கக் கூடாது. அந்த உழைப்பை யார் பகிர்ந்துகொள்வது, அதற்கு யார் விலை கொடுப்பது என்பதையும் அது கேட்க வேண்டும்.

பிரிட்டனின் அனுபவமும் இதையே சொல்கிறது. லண்டனில் லலித் கல்ரா தலைமையிலான குழு ஒரே மையத்தில் 300 நோயாளிகளிடையே நடத்திய ஆய்வு 2004இல் வந்தது. பராமரிப்பவருக்குப் பயிற்சி கொடுத்தால் அவருடைய சுமையும் சிகிச்சைச் செலவும் குறைவதாக அது காட்டியது. அந்த நம்பிக்கையில் அதே பயிற்சியை 36 பக்கவாதப் பிரிவுகளில், 928 நோயாளி-பராமரிப்பாளர் இணைகளிடம் சோதித்தார்கள். 2013இல் வந்த முடிவில் நோயாளியின் நிலையிலும் பராமரிப்பவரின் சுமையிலும் வேறுபாடு தெரியவில்லை. நோய் தாக்கிய உடனடி நாட்கள் இத்தகைய பயிற்சிக்கு ஏற்ற காலமாக இல்லாமல் இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே கருதினார்கள். பிழைப்பாரா மாட்டாரா என்ற பதற்றத்தில் நிற்கும் மனைவியிடம் கைப்பயிற்சி முறையைச் சொன்னால் அது எந்த அளவு மனதில் பதியும்?

வீட்டில் நடக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். முதல் சில வாரங்களில் செயலிழந்த தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்திருக்கும். கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிடும். அந்த நேரத்தில் ‘எழுந்திருங்க’ என்று அந்தக் கையையே பிடித்துத் தூக்கினால் தோள்வலி நிலைத்துவிடும். வலிக்குப் பயந்து நோயாளி கைப்பயிற்சியையே மறுப்பார். நம் ஊரில் தண்ணீரை அண்ணாந்து குடிப்பது வழக்கம். விழுங்கும் திறன் குறைந்தவருக்கு அப்படிக் கொடுத்தால் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகும். சிலருக்குப் புரையேறி இருமல்கூட வராது, சில நாட்களில் நிமோனியாதான் வரும். நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு மிடறாகக் கொடுக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆவது சாதாரணம்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் வராது. தட்டில் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கம் வைத்த பொரியலைத் தொடாமல் எழுவார்கள். பொரியல் பிடிக்கவில்லை போலும் என்று வீட்டில் நினைப்பார்கள். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார்கள். இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்த ஒருவர் ஒன்று முதல் பத்துவரை தடையின்றி எண்ணலாம், மனப்பாடமான பாட்டைப் பாடலாம், கோபத்தில் திட்டவும் செய்யலாம். ‘தண்ணி’ என்று கேட்க மட்டும் வராது. பழக்கத்தில் ஊறிய பேச்சும் நினைத்துச் சொல்லும் பேச்சும் மூளையில் ஒரே வழியில் நடப்பதில்லை. இது தெரியாத வீட்டில், ‘வேணும்னே பண்றார்’ என்ற கசப்பு வளரும். காரணமின்றி அழுவது, அடக்க முடியாமல் சிரிப்பது, எதிலும் நாட்டமின்றி முடங்குவது ஆகியவற்றின் கதையும் இதுதான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டால் சிகிச்சை தள்ளிப்போகும்.

இவை எல்லாம் சொல்லிக்கொடுக்கக் கூடியவை, சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். ஆனால் படுக்கைப்புண் வராமலிருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கும் தூக்கம் தேவை. மூக்கு வழியே செலுத்திய ரைல்ஸ் டியூபில் கஞ்சி ஊற்றத் தெரிந்தவரும் காலையில் வேலைக்குப் போக வேண்டும். அறிவு மட்டும் இன்னொரு ஜோடிக் கையாகிவிடாது.

அந்தக் கைகள் யாருடையவை என்பதை 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டுகிறது. வீட்டாரை ஊதியமின்றிக் கவனிக்கும் பணியில் ஈடுபட்டோர் பெண்களில் 27.6 விழுக்காடு, ஆண்களில் 14 விழுக்காடு. ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். சமையலும் துணி துவைப்பதும் இதில் சேராது. குழந்தைகளைக் கவனிப்பதும் இந்தக் கணக்கில் உண்டு. படுக்கையில் இருக்கும் பெரியவரைக் கவனிக்கும் வீட்டில் வேலை பல மடங்காகும் என்பதை ஊகிக்கக் கணக்கு தேவையில்லை. ‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று டிஸ்சார்ஜ் நேரத்தில் சொல்லப்படும்போது, அந்தக் குடும்பம் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெண்: மனைவி, மகள், மருமகள். அவர் வேலையை விட்டால் வீட்டின் வருமானத்தில் இரண்டாவது துண்டும் விழுகிறது.

தமிழ்நாடு இந்த இடத்தில் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வலி தணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குப் போய்வர முடியாததாலேயே பயிற்சியைக் கைவிட்ட வீடுகளுக்கு இது சிறிய உதவி அல்ல. ஆயினும் இத்திட்டத்தின் பயனாளி நோயாளி மட்டுமே. அவரைத் தூக்கி இறக்குபவரின் இடுப்பு வலியும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் தனியே கேட்டறியப்பட வேண்டியவை. பேச்சுப் பயிற்சியும் இயன்முறை சிகிச்சைக்கு இணையாக வீடு தேடி வர வேண்டும்.

கவனிப்பவருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்றால், பெற்றவரைக் கவனிப்பதற்குக் கூலியா என்று கேட்பவர்கள் உண்டு. அன்பை விலைபேசுவதாக அவர்கள் வருந்துவது புரிகிறது. ஆனால் ஜெர்மனி 1995இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது, வீட்டிலேயே கவனிக்கப்படுபவருக்குப் பணமாக உதவித்தொகையும், கவனிப்பவருக்கு ஓய்வூதியப் பங்களிப்பும், அவர் விடுப்பில் போனால் மாற்று ஏற்பாடும் தந்தது. 2000இல் ஜப்பானும் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. அங்கே பணமாகத் தராமல் சேவையாகத் தருகிறார்கள். பணம் கொடுத்தால் அந்த வேலை மருமகளின் தலையிலேயே நிலைத்துவிடும் என்ற கவலையும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். அந்தக் கவலை நமக்கும் பொருந்தும். ஆகவே உதவித்தொகையோடு, வாரத்தில் சில மணி நேரமாவது மாற்று ஆள் வரும் ஏற்பாடும் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நரம்பியல் காரணங்களால் வரும் பேச்சிழப்பைப் பெயர் சொல்லியே இயலாமையாக ஏற்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்கும் திட்டங்களை 24ஆம் பிரிவு அரசின் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. சிக்கல் காலத்தில்தான் இருக்கிறது. சட்டம் நீண்டகாலக் குறைபாட்டையே கருதுகிறது. பக்கவாதத்தில் எது நிலைக்கும், எது தேறும் என்று தெரிய மாதங்கள் ஆகும். தேறுதல் வேகமாக நடப்பதும் கவனிப்பு மிகக் கடுமையாக இருப்பதும் அதே தொடக்க மாதங்களில்தான். இயலாமைச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் அந்த இடைவெளியில் வீடு கடனில் விழுகிறது.

மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் குறிப்பையே சான்றாக ஏற்று, முதல் 6 மாதங்களுக்கு இடைக்காலப் பராமரிப்பாளர் உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டும். வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளரின் பதிவேட்டில் நோயாளியின் பெயருக்குக் கீழே, கவனித்துக்கொள்பவரின் பெயரும் உடல்நிலையும் தனி வரியாக இடம்பெற வேண்டும்.