பண்டாரவளைப் பாதையில் சான்றிதழ் தராத ஒரு பாடசாலை

மலையகத்தின் கதையை எழுத வந்தவர்கள் கங்காணியையும் துரையையும் விட்டுவைத்ததில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவள் பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கும், அங்கே தேயிலையானதைப் புகையிரத நிலையத்துக்கும், பிற்காலத்தில் நேரே கொழும்புக்கும் ஏற்றிச் சென்ற லொறிச் சாரதியை எழுதியவர்கள் மிகச் சிலரே. ஊவா மாகாணத்தில் செய்தி தேடி அலைந்த ஆண்டுகளில் நான் தொற்றிக்கொண்டு சென்ற லொறிகளுக்குக் கணக்கில்லை. அவற்றை ஓட்டியவர்கள் இத்தொழிலை எங்கே கற்றார்கள், அவர்களுக்குக் கற்பித்தவர் யார், அவர்களது தகைமையை எடைபோட்டவர் யார் என்ற கேள்விகள் நெடுங்காலமாக என்னுடன் இருந்து வருகின்றன.

ஊவாவின் வரலாற்றில் பாதி, பாதையின் வரலாறு. வண்டி போகும் தெருக்கள் அமைவதற்கு முன்னர், தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களே உப்பையும் துணியையும் மலைக்கு ஏற்றி, மலையின் விளைபொருளைக் கீழே இறக்கின. கோப்பிக் காலத்தில் தெருக்கள் வெட்டப்பட்டன. மாட்டு வண்டிகள் வந்தன. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. ஆனால் பதுளையை அடைய அதற்கு மேலும் 30 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1924இல்தான் அங்கே வண்டி போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் பண்டாரவளையே கடைசிப் பெரிய நிலையம். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களுக்குப் போகவேண்டிய அரிசியும், அங்கிருந்து வரவேண்டிய தேயிலையும் தண்டவாளம் முடிந்த இடத்தில் வண்டிக்காரரின் கைக்கு மாறின. இறக்கத்தில் சக்கரத்தைக் கட்டை கொடுத்து அடக்கவும், ஏற்றத்தில் மாடு மூச்சு வாங்கும் இடமறிந்து நிறுத்தவும் அவருக்குத் தெரிந்திருந்தது. மலைப்பாதைச் சாரதியின் முதற்பாடம் மாட்டு வண்டியிலேயே தொடங்கிவிட்டது என்பேன்.

முதலாம் உலகப்போருக்குப் பின்னர் மோட்டார் லொறிகள் பெருகின. தண்டவாளம் பதுளை வரை நீண்டும் தோட்டங்கள் அதிலிருந்து விலகியே கிடந்தன. தோட்டத்துக்கும் நிலையத்துக்கும் இடையிலான அந்தச் சில மைல்களை வண்டியிடமிருந்து லொறி பறித்துக்கொண்டது. லொறி கப்பலில் வந்தது. அதை மலையில் ஓட்டும் வித்தை அதனுடன் வரவில்லை. அதைக் கற்பிக்க அரசாங்கம் பாடசாலை எதனையும் திறக்கவுமில்லை. அந்த வெற்றிடத்தில் தானாக முளைத்த பாடசாலைக்குப் பெயர், ‘கிளீனர் வேலை’.

அந்தப் பாடசாலையின் பாடத்திட்டம் எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் தோட்டத்துக்குத் தோட்டம் அது பெரிதும் மாறாதிருந்தது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன் லொறி கழுவுவதில் தொடங்குவான். விடியலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர், பின்னர் எண்ணெய், பின்னர் டயர். ஏற்றத்தில் லொறி நின்றால் நொடியில் குதித்துப் பின்சக்கரத்தின் அடியில் கட்டை போடவேண்டும். ஒரு நொடி தாமதித்தால் லொறியும் போகும், அவனும் போவான். மூடுபனியில் முன்னால் நடந்து தெருவின் ஓரத்தைக் காட்டவேண்டும். மூட்டைகளை எண்ணி ஏற்றவும், பாரம் ஒருபக்கம் சாயாமல் அடுக்கவும் கற்கவேண்டும். ஓரிரு ஆண்டுகள் கழிந்தபின், கராஜ் முற்றத்தில் லொறியை முன்னும் பின்னும் நகர்த்த அனுமதி கிடைக்கும். அதன்பின் ஒருநாள், வெறும் லொறியுடன் தோட்டத்துக்குத் திரும்பும் வேளையில், “புடி, பாப்போம்” என்று சாரதி இடம்மாறி உட்காருவார். அதுவே பட்டமளிப்பு.

மலைப்பாதையில் கனரக வாகனத்தை ஓட்டுவதன் சூட்சுமம் ஏறுவதில் இல்லை; இறங்குவதில் இருக்கிறது. எல்ல ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய மலையடிவாரத்துச் சமவெளி. அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் பாதையும் இத்தகையதே. பாரம் ஏற்றிய லொறியை நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால், பிரேக் டிரம் சூடேறி விரியும். லைனிங் தன் பிடியை இழக்கும். மிதி காலடியில் இருக்கும், வேகம் மட்டும் குறையாது. ஆகவே இறக்கம் தொடங்கும் முன்னரே தாழ்ந்த கியருக்கு மாறி, இயந்திரத்தின் இழுப்பாலேயே லொறியைக் கட்டிப்பிடிக்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் விடுபவன் இந்தக் கட்டுப்பாட்டைத் தானே அறுத்தெறிகிறான். இயந்திரத்தையே அணைத்துவிட்டால் பிரேக்குக்குத் துணைநிற்கும் விசையும் சில மிதிகளில் தீர்ந்துவிடும்.

எண்பதுகளில் பண்டாரவளையிலிருந்து கீழே இறங்கிய ஒரு மரக்கறி லொறியில் நான் முன்னிருக்கையில் இருந்தேன். அப்புத்தளை தாண்டியதும் சாரதி கியரைக் குறைத்தார். இயந்திரம் முனகத் தொடங்கியது. “ஏன் அண்ணே, இவ்வளவு மெதுவாக?” என்று கேட்டேன். “தம்பி, எந்தக் கியர்ல ஏறி வந்தோமோ அந்தக் கியர்லதான் எறங்கணும். எங்க டிரைவர் எனக்குச் சொன்னது. அவருக்கு அவரோட டிரைவர் சொன்னது” என்றார். நான் பார்த்தவரையில் அவர் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதப் பழகாதவர். பிற்காலத்தில் வெளிநாட்டுப் பயிற்சிக் கையேடு ஒன்றில் இதே விதியைப் படித்தபோது அவர் முகமே கண்முன் வந்தது.

இனிக் காகிதத்தின் கதைக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றுவரை, பல திருத்தங்களுடன், சாரதி அனுமதிப்பத்திரத்தின் அடிப்படை. அனுமதிப்பத்திரம் பெற எழுதப்படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெருவின் அறிவிப்புப் பலகையை வாசிக்க இயலாதவரிடம் லொறியை ஒப்படைக்கலாகாது என்பது நியாயமான விதிதான். ஆனால் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புடன் நின்றுவிட்டவை. அவை அரசின் பொறுப்புக்கு வந்ததே எழுபதுகளில்தான். எழுத்தறிவைக் கேட்ட அரசு, அதனைக் கொடுக்கும் கடமையை இருபது ஆண்டுகள் தள்ளிப்போட்டது.

எழுத்தைவிடப் பெரிய தடை, ஆள் யாரென்று காட்டும் பத்திரம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபோது, முறையான பயிற்சி உள்ள சாரதித் தொழில் நாட்டில் முதன்முறையாகப் பெருமளவில் தோன்றியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச சார்பு வேலைகள் எட்டாக்கனியாகவே இருந்தன. 1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மலைப்பாதையை உள்ளங்கைபோல் அறிந்த சாரதிகளும் தலைமன்னாரில் கப்பலேறினர். அவர்களது வித்தைக்குச் சாட்சி சொல்லக்கூடிய காகிதம் எதுவும் அவர்களது பெட்டியில் இல்லை.

எழுபதுகளில் தேசிய அடையாள அட்டை வந்தது. அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவை. லயத்தில் பிறந்த பலருக்கு அது இல்லை, இருந்தவர்களின் பெயரும் பத்திரத்துக்குப் பத்திரம் வேறு எழுத்தில் இருந்தது. அட்டை இல்லாதவன் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கத் தடுமாறினான். பத்தாண்டு கிளீனராக இருந்து, சாரதிக்கு நிகராக ஓட்டத் தெரிந்தும், கடைசிவரை கிளீனர் சம்பளத்திலேயே முடிந்துபோனவர்களை நான் அறிவேன். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டியபோது அவர்களிற் பலருக்கு ஸ்டியரிங் பிடிக்கும் வயது கடந்துவிட்டிருந்தது.

இதற்கிடையில் தொழிலின் தன்மையும் மாறியது. 1975இல் தோட்டக் கம்பனிகளின் காணிகள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் மீண்டது. தேயிலைப் பெட்டி புகையிரதத்தைக் கைவிட்டு லொறிக்கு மாறியது. வெலிமடை, கெப்பெட்டிபொல, பண்டாரவளை மரக்கறிகள் இரவோடிரவாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகத் தொடங்கின. தோட்டத்தின் எல்லைக்குள் பகலில் ஓடிய சாரதி, தீவின் குறுக்கே இரவில் ஓடுபவரானார். பழைய பாடசாலையின் பலவீனம் அப்போதுதான் வெளிப்பட்டது.

அந்தப் பலவீனத்தை மூடிமறைத்து மெய்சிலிர்க்க எனக்கு விருப்பமில்லை. கிளீனர் பாடசாலை கியரைக் கற்பித்தது. தூக்கத்தைப் பற்றிக் கற்பிக்கவில்லை. எத்தனை மணி நேரம் ஓட்டினால் மூளை மந்தமாகும், எவ்வளவு பாரத்துக்கு அந்த அச்சு செய்யப்பட்டது, விபத்தில் வீழ்ந்தவனை எப்படித் தூக்கவேண்டும் என்பனவெல்லாம் அதன் பாடத்தில் இல்லை. நல்ல குரு வாய்த்தவன் நல்ல சாரதியானான். கெட்ட குரு வாய்த்தவன் கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே கற்றான். அதுமட்டுமன்றி, சமவெளியில் பழகிய சாரதிகள் இம்மலைக்கு வரும்போது அவர்களுக்கு அந்த அரைகுறைப் பாடசாலையும் கிடையாது. 2021 மார்ச் மாதம் பசறையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2025 செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்த பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 உயிர்கள் போயின. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆயினும் 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் வந்த வகைப்பாடு, 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை ஒரு வகை, அதற்கு மேல் வேறு வகை, இழுவையுடன் கூடியது இன்னொரு வகை என வாகனத்தின் எடையைப் பார்க்கிறதே தவிர, அது ஓடப்போகும் பாதையைப் பார்ப்பதில்லை.

ஏனைய நாடுகள் இக்கேள்வியை எவ்வாறு கையாண்டன? ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டுப் பணிப்புரையின் மூலம் தொழில்முறைச் சாரதிக்கு அனுமதிப்பத்திரத்துக்கு மேலான தகைமை ஒன்றைக் கட்டாயமாக்கியது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரம் மீண்டும் வகுப்பில் உட்காரவேண்டும். நம்மவர் பலர் லொறி ஓட்டும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2017 ஜூலை முதல் பெரிய இழுவை லொறிக்கான தேர்வுக்கு முன் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். 2018 ஏப்ரலில் சஸ்காச்சுவானில் ஹொக்கி அணியின் பஸ்ஸும் லொறியும் மோதி 16 பேர் இறந்த பின்னர் ஏனைய மாகாணங்களும் அவ்வழி சென்றன. அந்த லொறிச் சாரதி பணியில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இந்தியா 2019இல் வேறொரு முடிவெடுத்தது: போக்குவரத்து வாகனச் சாரதி எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கி, படிப்பைவிடப் பயிற்சியே முக்கியம் என்றது. இம்மூன்றிலும் எனக்குத் தெரியும் பொது உண்மை ஒன்றுண்டு: வாகனத்தை நகர்த்தத் தெரிவது வேறு, அதைத் தொழிலாகச் செய்யத் தகுதி பெறுவது வேறு.

இலங்கையில் வாசல் இல்லாமலில்லை. 2004 முதல் தேசிய தொழில் தகைமைச் சட்டகம் நடைமுறையில் இருக்கிறது. அதில் ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்றொரு வழி உண்டு. வகுப்புக்கே போகாமல் வேலையிலேயே தொழில் கற்றவர், தன் அனுபவத்துக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டினால் சான்றிதழ் பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இத்தகைய மதிப்பீடுகளை நடத்துகிறது. மேசனுக்கும் தச்சனுக்கும் இது பயன்பட்டிருக்கிறது. இதைக் கேட்டபோது, கிளீனர் பாடசாலையை மனத்தில் வைத்தே யாரோ எழுதிய விதி போல எனக்குத் தோன்றியது. ஆனால் தோட்டங்களில் நான் பேசிய சாரதிகளில் பெரும்பாலோர் இப்படி ஒன்று இருப்பதையே அறியார். அறிந்தவர்களுக்கும் முப்பதாண்டு உழைப்புக்கு முதலாளியின் கடிதம் ஒன்றுகூடக் கைவசமில்லை.

வளைகுடாவுக்குப் போக விரும்பும் இளைஞனுக்கு அந்தச் சான்றிதழ் சம்பளத்தின் அளவைத் தீர்மானிக்கக்கூடும். இங்கேயே இருப்பவனுக்கு அது சாரதி என்ற பெயரின் மரியாதை. தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்காகப் போராடியது போல, தோட்ட நிர்வாகங்களிடமிருந்து அனுபவக் கடிதங்களைப் பெற்றுக்கொடுப்பதையும், தமிழில் மதிப்பீடு நடைபெறுவதையும் ஒரு கோரிக்கையாக முன்வைக்கலாம். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. மறுபுறம், சமவெளியிலிருந்து இம்மலைக்கு வரும் கனரகச் சாரதிகளுக்கு இரண்டொரு நாள் மலைப்பாதைப் பயிற்சி தரவேண்டுமெனில் அதற்குப் பண்டாரவளையை விடப் பொருத்தமான ஊர் ஏது? பயிற்றுநர்களையும் வெளியில் தேடவேண்டியதில்லை. கட்டை போட்டுத் தொழில் கற்று, இன்று தலைநரைத்து, ஓய்வூதியமின்றி லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் அந்த மனிதர்களை அழைத்தால் போதும். அவர்கள் இருக்கும்போதே அழைக்கவேண்டும்.