ஒரு டாலர் ஒப்பந்தம்: ஹூஸ்டன், 1970

1970 செப்டம்பர் 23 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் எடுக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மகளிர் விளையாட்டு வரலாறு பேசும் நூல்களில் தவறாமல் இடம்பெறும். ஒன்பது பெண்கள் ஆளுக்கொரு ஒரு டாலர் நோட்டை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிறார்கள். மகளிர் தொழில்முறை டென்னிஸ் சுற்று பிறந்த நாள் என்று அந்த நாளைக் குறிப்பிடுவது மரபு. ஆண்களுக்கு இணையான பரிசுத்தொகை கோரிய போராட்டத்தின் தொடக்கம் என்பதும் அதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். விளக்கம் பிழையன்று, ஆனால் அந்த ஒரு டாலர் எதற்கு என்ற கேள்வியை அது கடந்து சென்றுவிடுகிறது. அது கூலியன்று, வெறும் அடையாளமும் அன்று. ஒரு சொல்லின் வரையறைக்குள் நுழைவதற்காகச் செலுத்தப்பட்ட கட்டணம் என்று அதைக் கூறலாம்.

'அமெச்சூர்' என்ற சொல் இன்று தமிழ்ப் பேச்சில் 'கைதேராதவர்' என்ற பொருளிலேயே வழங்குகிறது. விரும்பிச் செய்பவர் என்பதே அதன் இலத்தீன் மூலம் தரும் பொருள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் விளையாட்டுச் சங்கங்கள் இச்சொல்லை ஒரு சமூகத் தகுதியாகவே நடத்தின. பணத்துக்காக ஆடாதவரே கண்ணியமானவர். இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் 'ஜென்டில்மேன்', 'பிளேயர்' என்ற பாகுபாடு 1962 வரை நீடித்ததையும், ஆட்டக்குறிப்பில் முன்னவரின் பெயருக்கு முன்னும் பின்னவரின் பெயருக்குப் பின்னும் தலைப்பெழுத்துகள் இடப்பட்டதையும் நினைவுகூரலாம். தலைப்பெழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே ஒருவரின் வர்க்கத்தைச் சொல்லிவிடும். இந்திய வாசகருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டென்னிஸில் இந்த மதில் 1968இல் இடிந்தது. அமெச்சூர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஒரே போட்டியில் மோதலாம் என்று பன்னாட்டுச் சங்கம் ஒப்புக்கொண்டது. ஆயினும் பழைய பகுப்பு போன இடத்தில் அதைவிடச் சிக்கலான ஒன்று வந்து அமர்ந்தது. பரிசுப் பணம் பெற்றுக்கொண்டே தம் தேசியச் சங்கத்தின் கட்டுப்பாட்டில் இருப்போர் 'பதிவுபெற்ற ஆட்டக்காரர்'. போட்டி நடத்தும் தனியாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு சங்கத்தின் ஆளுகைக்கு வெளியே நிற்போர் 'ஒப்பந்தத் தொழில்முறையாளர்'. அமெச்சூர், இவ்விரண்டுக்கும் அப்பால் தனியாக நின்றார். ஒருவர் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறாரோ, அதைப் பொறுத்தே அவரை யார் தண்டிக்கலாம் என்பது முடிவாயிற்று. ஹூஸ்டனின் கதை இந்தப் பெட்டிகளுக்கு இடையே உள்ள இடுக்கில்தான் நடக்கிறது.

பெண்களைப் பொறுத்தவரை புதிய சுதந்திரம் அவர்களது நிலையைச் சில வகைகளில் மோசமாக்கியது. மேசைக்கடியில் கைமாறிய பணம் மேசைமேல் வந்தபோது, அது யார் பக்கம் போகிறது என்பது எண்களாகத் தெரிந்தது. 1968 விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையர் வாகையருக்கு 2,000 பவுண்டு, பெண்கள் வாகையருக்கு 750. 1970 இத்தாலிய ஓபனில் இலி நஸ்டாசேக்கு 3,500 டாலர், பில்லி ஜீன் கிங்குக்கு 600. ஆண்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தனியார் முதலாளிகள் இருந்தனர்; கிங், ரோஸி கசால்ஸ், ஆன் ஜோன்ஸ், பிரான்சுவா துர் ஆகிய நால்வர் 1968இல் அவ்வாறு ஒப்பந்தமானது விதிவிலக்கு.

1970இல் லாஸ் ஏஞ்சலிஸின் பசிபிக் சவுத்வெஸ்ட் போட்டி இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கியது. அதை நடத்தியவர் 1947 விம்பிள்டன் வாகையர் ஜாக் கிரேமர். ஆண் வாகையருக்கு 12,500 டாலர், பெண் வாகையருக்கு 1,500. காலிறுதியை எட்டாத பெண்களுக்கு ஒரு செண்டும் இல்லை. முறையிட்டும் பயன் இல்லாத நிலையில் வீராங்கனைகள் கிளாடிஸ் ஹெல்ட்மனை நாடினர். 'வேர்ல்ட் டென்னிஸ்' இதழை 1953இல் நிறுவி நடத்திவந்தவர் அவர். ஹூஸ்டன் ராக்கெட் கிளப்பில், லாஸ் ஏஞ்சலிஸ் போட்டி நடக்கும் அதே வாரத்தில், பெண்களுக்கு மட்டுமான போட்டி ஒன்றை அவர் ஏற்பாடு செய்தார். பரிசுத்தொகை முதலில் 5,000 டாலர்.

முட்டுக்கட்டை இங்கேதான் வந்தது. அமெரிக்கப் புல்தரை டென்னிஸ் சங்கம் அனுமதி தர மறுத்தது. அனுமதியற்ற போட்டியில் பதிவுபெற்ற வீராங்கனைகள் ஆடினால் அவர்களும் தண்டிக்கப்படுவர், இடங்கொடுத்த கிளப்பும் தண்டிக்கப்படும். அமெச்சூர் போட்டியாக அறிவித்துவிட்டுப் பணத்தை மறைவாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் அப்போது வந்ததாக வீராங்கனைகள் பின்னர் பதிவுசெய்துள்ளனர். கண்ணியத்தின் காவலராகத் தம்மை நிறுத்திக்கொண்ட அமைப்பிடமிருந்தே இந்த யோசனை வந்தது என்பதைத் தனியே அடிக்கோடிட வேண்டியதில்லை.

ஹெல்ட்மன் விதியை மீறவில்லை. விதியின் சொல்லைப் பிடித்துக்கொண்டார். வீராங்கனைகள் ஒவ்வொருவரோடும் தம் இதழின் பெயரில் ஒரு வார ஒப்பந்தம் செய்தார்; ஒப்பந்தத் தொகை ஒரு டாலர். கையெழுத்திட்ட கணத்தில் அவர்கள் 'ஒப்பந்தத் தொழில்முறையாளர்' ஆயினர். போட்டிக்குச் சங்கத்தின் அனுமதி தேவையற்றதாயிற்று, கிளப்பும் காப்பாற்றப்பட்டது. ஒப்பந்தம் என்றால் இவ்வளவு தொகையாவது இருக்கவேண்டும் என்று வரையறை சொல்லாததால் ஒரு டாலரே போதுமானதாயிற்று.

ஒப்பந்தம் சட்டச் சிக்கலைத் தீர்த்தது. பணம் வேறிடத்திலிருந்து வந்தது. பிலிப் மோரிஸ் நிறுவனத்தின் தலைவரும் ஹெல்ட்மனின் நண்பருமான ஜோசப் கல்மன் 2,500 டாலரைச் சேர்த்தார். பெண்களுக்கென 1968இல் சந்தைக்கு வந்த 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' சிகரெட்டின் பெயர் போட்டிக்குச் சூட்டப்பட்டது. அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1970 ஏப்ரலில் ஒப்பமிடப்பட்டு, 1971 ஜனவரி 2இல் நடைமுறைக்கு வந்தது. புகையிலைப் பணம் புதிய வழி தேடிக்கொண்டிருந்த வேளையில், எவரும் பணம் தர முன்வராத பெண்கள் விளையாட்டு அதன் எதிரே நின்றது. பெண்விடுதலையின் மொழி சிகரெட் விற்கும் மொழியாகவும் இருந்த இந்த முரணைப் பல வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அவ்வளவு எளிதாகக் கடக்கக்கூடியதன்று அது. அந்தப் பணம் இல்லையெனில் 1971இல் சுற்றாக விரிவதற்கு வழியே இருந்திருக்காது. அந்தப் பணத்தின் விலையை வேறு பெண்களின் நுரையீரல் தந்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இறுதியில் கசால்ஸ் ஆஸ்திரேலியாவின் ஜூடி டால்டனை 5-7, 6-1, 7-5 என வென்று 1,600 டாலர் பெற்றார். ஒப்பந்தமிட்ட ஏனையோர் கிங், நான்சி ரிச்சி, பீச்சஸ் பார்ட்கோவிச், கிறிஸ்டி பிஜன், வலேரி சீகன்ஃபஸ், கெர்ரி மெல்வில், ஜூலி ஹெல்ட்மன். கிளாடிஸின் மகளான ஜூலி புகைப்படத்தில் இல்லை. அதில் ஒன்பதாவதாக நிற்பவர் கிளாடிஸே. முழங்கைக் காயத்தால் ஆட இயலாத நிலையிலும் ஜூலி பின்னர் ஒப்பந்தமிட்டு, கிங்கோடு ஒரே ஒரு புள்ளி ஆடித் தம் பெயரை அவர்களோடு சேர்த்துக்கொண்டார். ஒப்பந்தத்தின் தந்திரம் சங்கத்தின் சினத்தைத் தடுத்துவிடவில்லை. அமெரிக்க வீராங்கனைகள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆஸ்திரேலியர் இருவரும் தம் நாட்டுச் சங்கத்தின் தண்டனைக்கு ஆளாயினர். அந்த ஆண்டு நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற மார்கரெட் கோர்ட் இந்த அணியில் இல்லை என்பதையும் குறிக்கவேண்டும். முதலிடத்தில் இருப்பவர் இல்லாமலேயே தொடங்கியதால்தான் துணிவு தேவைப்பட்டது.

1971இல் கிங் ஓராண்டில் ஒரு லட்சம் டாலருக்குமேல் ஈட்டிய முதல் விளையாட்டு வீராங்கனை ஆனார். 1973 ஜூனில் லண்டனில் மகளிர் டென்னிஸ் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டே அமெரிக்க ஓபன் இருபாலருக்கும் சமமான பரிசுத்தொகை அறிவித்தது. விம்பிள்டன் அதைச் செய்ய 2007 ஆயிற்று. போட்டி போட்ட இரு சுற்றுகளும் 1973இல் சமரசம் கண்டன. ஒரு டாலர் ஒப்பந்தங்களின் மறுபுறத்தில் கையெழுத்திட்ட கிளாடிஸ் ஹெல்ட்மனுக்கு அந்தச் சமரசத்துக்குப் பிந்தைய நிர்வாகத்தில் இடம் இருக்கவில்லை.