கல் சாளரம் முதல் நிக்காஹ் துப்பட்டா வரை: கைத்தையலை அறிவோம்

வேளச்சேரியில் ஆரி ஒர்க் செய்து தரும் தையல் கடைகளுக்குச் செல்வோர் அதிகம் கேட்பது ஒன்றுதான்: "கையால் போட்டால் ஏன் இவ்வளவு கூலி?" நிக்காஹ் துப்பட்டாவிலும் பெருநாள் உடையிலும் நாம் விரும்பும் வளைவு, கொடி, சாளர வடிவங்களில் பல, பழைய பள்ளிவாசல்களிலும் மாளிகைகளிலும் கல்லில் செதுக்கப்பட்டவை. அவற்றைத் துணிக்குக் கொண்டுவரும் மூன்று தையல்களைப் பார்ப்போம்.

ஜாலி: தாஜ்மஹாலின் உள்ளே இருக்கும் துளையிட்ட பளிங்குத் தடுப்பு போன்ற வேலைப்பாட்டுக்கு ஜாலி என்று பெயர். லக்னோவின் சிக்கன்காரியில் ஒரு தையலுக்கும் அதே பெயர். இதில் துணியை வெட்டுவதில்லை. நெசவு இழைகளை ஊசியால் விலக்கி, நூலால் இறுக்கித் துளைகளை உண்டாக்குகிறார்கள். லக்னோ சிக்கனுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆரி: சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், கொக்கி முனை ஊசியால் போடும் சங்கிலித் தையல் இது. வளைந்து செல்லும் கோடுகளுக்கு ஏற்றது. அகமதாபாத் சிதி சையத் பள்ளிவாசலின் கல் சாளரத்தில் பின்னிப் பிணைந்திருக்கும் மரக்கிளைகள் போன்ற வடிவங்கள் இதில் அழகாக அமையும்.

ஜர்தோசி: பாரசீகத்தில் 'ஜர்' என்றால் தங்கம், 'தோசி' என்றால் தையல். சுருள் உலோகக் கம்பிகளைத் துணியின் மேல் வைத்துத் தைப்பதால் வேலைப்பாடு மேடாக நிற்கும். மிஹ்ராப் வளைவு போன்ற கனமான ஓரங்களுக்குப் பொருந்தும்.

கைவேலையா, கம்ப்யூட்டர் தையலா?

துணியைத் திருப்பிப் பாருங்கள். இயந்திரத் தையலில் அடியில் பாபின் நூல் ஓடும். பல நேரங்களில் தாள் போன்ற விறைப்பான ஒட்டும் இருக்கும். கையால் போட்ட ஆரியில் பாபின் நூல் இருக்காது. பூக்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இல்லாததும் கைவேலைக்கு அடையாளம்.

இயந்திரத் தையலை வாங்குவதில் தவறில்லை. அதைக் கைவேலை என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. லக்னோவில் சிக்கன் தைப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்கள். முஸ்லிம் பெண்கள் இவர்களில் ஏராளம். இடைத்தரகர் கைமாறி வரும் கூலி மிகக் குறைவு. போலிக்குக் கைவேலையின் விலையைக் கொடுத்தால் நாமும் ஏமாறுகிறோம், அவர்களும் வேலை இழக்கிறார்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது எந்தத் தையல், கையா இயந்திரமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குவோம். பெருநாளுக்கு முந்தைய வாரம் அவசரப்படுத்தாமல், முன்கூட்டியே கொடுத்து, பேசிய கூலியைக் குறைக்காமல் தருவோம்.