குடல்வால் அழற்சியும் ஸ்கேனும்: தருமபுரி வழியாக ஒரு வரலாறு

1886-இல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் குடல்வால் அழற்சியைத் தனி நோயாக விளக்கிய பிறகு, சந்தேகம் எழுந்தாலே வயிற்றைத் திறப்பது நடைமுறையாயிற்று. உள்ளே நடப்பதை அறிய அப்போது வேறு வழி இருக்கவில்லை.

தாமதமாக வருவோருக்கு மட்டும் முறை வேறு. அவர்களுக்குக் குடல்வாலைச் சுற்றிக் குடலும் கொழுப்புத் திரையும் ஒட்டிக்கொண்டு, வலப்பக்க அடிவயிற்றில் கட்டியாகத் திரண்டிருக்கும். அதை உடனே அறுத்தால் குடல் கிழியலாம். ஆகவே சாப்பாட்டை நிறுத்தி, டிரிப்பும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றிக் காத்திருப்பார்கள். கட்டியின் விளிம்பைத் தோல்மேல் பேனாவால் வரைந்து, அது சுருங்குகிறதா என்று தினமும் தொட்டுப் பார்ப்பார்கள். சிகிச்சையைக் கண்காணித்தவை அந்தக் கோடும் நாடியும் காய்ச்சலும்தான்.

1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்குள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் ஓலைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கியபோது, அறுவை சிகிச்சைக்கு மலைவாழ் மக்கள் சேலம்வரை போகவேண்டியிருந்தது. பாதையும் பேருந்தும் அரிதான இடத்தில், வலி முற்றிய பிறகே நோயாளி மருத்துவரிடம் வருவார்.

இதற்கு முன்பே, 1986-இல் டச்சு மருத்துவர் பைலார்ட் ஓர் எளிய உத்தியை வெளியிட்டார். அல்ட்ராசவுண்ட் கருவியை வயிற்றில் மெல்ல மெல்ல அழுத்தினால் நல்ல குடல் நசுங்கி விலகும். வீங்கிய குடல்வால் நசுங்காது, குறுக்களவும் 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். கட்டிக்குள் சீழ் இருக்கிறதா, எத்தனை சென்டிமீட்டர், மருந்துக்கு வற்றுகிறதா என்பதையும் ஸ்கேன் காட்டியது. படத்தைப் பார்த்தபடியே ஊசியால் சீழை எடுக்கவும் முடிந்தது. பேனாக்கோடு ஊகித்ததை இது அளந்து சொன்னது.

அதே கருவி தருமபுரி மாவட்டத்தில் பெண் கருவைக் கண்டறிந்து கலைக்கவும் பயன்பட்டது; இது வேதனையான வரலாறு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் நீண்டது. 1994-இன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் ஸ்கேன் மையங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. கர்ப்பிணிக்குக் குடல்வால் வலி என்றாலும் ‘எஃப்’ படிவம் நிரப்பியே ஸ்கேன் எடுக்கவேண்டும். கையில் தூக்கிச் செல்லும் கருவிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. மலையூர்களுக்கு அது இடைஞ்சல்தான்; ஆனாலும் அவசியமானது.

2008-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததும் மாவட்டத்துக்குள்ளேயே உயர்சிகிச்சை வளர்ந்தது. அடுத்த ஆண்டு பின்லாந்தில் தொடங்கிய ஆய்வு, சி.டி. ஸ்கேனில் குடல்வால் அழற்சி சிக்கலற்றது என்று உறுதியான 530 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்த்தது. ஐந்தாண்டுகளில் அவர்களில் சுமார் 39 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது; மற்றவர்கள் கத்தியின்றித் தப்பினர். கல் அடைத்திருந்தாலோ சீழ் கட்டியிருந்தாலோ அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆகவே அறுவையைத் தள்ளிப்போடும் மலையூர்க்காரர், வலி திரும்பினால் எத்தனை மணி நேரத்தில் அறுவை அரங்கை அடைவார் என்பதையும் மருத்துவர் கேட்டறிய வேண்டியிருக்கிறது.