பாலர் கற்ற கூட்டெழுத்து

பள்ளி புகும் பாலருக்குக் கூட்டெழுத்தையே முதலிற் கற்பிப்பது ஜேர்மனியில் நெடுங்காலம் வழக்காயிருந்தது. ஆயினும் ஆங்கு வழங்கிய பழைய எழுத்து, கூர்முனைப் பேனாவை அழுத்தியும் தளர்த்தியும் சாய்த்தெழுத வேண்டியது. பிஞ்சுக் கைக்குப் பெருஞ்சுமை.

1911 இல் பிரஷ்ய அரசு, லுட்விக் சுட்டர்லின் என்னும் பேர்லின் ஓவியரிடம் புதிய எழுத்தொன்றை அமைக்கும் பணியை ஒப்படைத்தது. அவர் எழுத்தை நிமிர்த்தினார். கோட்டின் தடிப்பை ஒரு சீராக்கினார். மேற்கொம்பு, நடுவுடல், கீழ்வால் மூன்றையும் சம அளவாக்கினார். குழந்தையின் கையை அறிந்து செய்த திருத்தம் என்பேன். 1915 முதல் அது பிரஷ்யப் பள்ளிகளிற் புகுந்தது.

1941 இல் நாஜி அரசு அதனை ஆணையால் விலக்கி, இலத்தீன் வடிவக் கூட்டெழுத்தை அவ்விடத்தில் வைத்தது. பின்னர்ப் பிறந்த பேரப்பிள்ளைகள் பலருக்குப் பாட்டியின் கடிதம் தாய்மொழியிலிருந்தும் வாசிக்கவியலாததாயிற்று. அத்தகைய கடிதங்களை இக்கால எழுத்திற் பெயர்த்துக் கொடுக்கும் தொண்டை ஹம்பர்க் நகர முதியோர் சிலர் மேற்கொண்டனர்.