பல்கலைக்கழக மாணவர் நிதியுதவி (யாழ்ப்பாணத் தீவகம்)

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவரின் முதற்பட்டப் படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. உணவு, தங்குமிடம், பயணம் முதலிய செலவுகளுக்கே உதவி தேவைப்படுகிறது. இதற்கான முதன்மைத் திட்டம் மகாபொல புலமைப்பரிசில். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது, 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இதற்கான நம்பிக்கை நிதியம் அமைக்கப்பட்டது. உயர்தரப் பெறுபேறும் குடும்ப வருமானமும் தெரிவில் கருதப்படும். மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த மாணவருக்குப் பேர்சரி எனும் உதவுதொகை உண்டு. 2025 வரவுசெலவுத்திட்டம் மகாபொலவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரியை 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தியது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாதோர், அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் பயில 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

குடும்ப வருமானத்துக்கான சான்று கிராம அலுவலர், பிரதேச செயலகம் வழியாகப் பெறப்படும். தீவகத்தில் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் தனிச் செயலகங்கள் உள்ளன. நயினாதீவு வேலணைப் பிரிவைச் சேர்ந்ததால், அத்தீவினர் செயலகம் செல்லக் கடல் கடக்க வேண்டும்.